சாகாதவர்களின் பழைய கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாகாவரம் பெற்றவர்கள் வாளெடுத்து மோதிக்கொள்ளும் 'ஹைலேண்டர்' தொலைக்காட்சித் தொடரை முழுவதும் பார்த்து முடித்தேன். ஐந்தாவது சீசனில், சாகாதவர்களிலேயே மூத்தவனான மெதோஸின் கடந்தகாலம் வெளிவரும் இரண்டு எபிசோடுகள் மனதைவிட்டுப் போகவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஊர் ஊராகக் கொன்று குவித்தவன் அவன். கதாநாயகன் டங்கன் அவனைக் காப்பாற்றுகிறான். இவ்வளவு காலம் அடங்கி வாழ்ந்துவிட்டால் பழைய பாவம் தீர்ந்துவிடுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தீராது. தொடரும் தீர்ந்ததாகச் சொல்லவில்லை.

1992 முதல் 1998 வரை வந்த இந்தத் தொடரில் பெரும்பாலும் ஒரு வாள்சண்டையோடு கதை முடிந்துவிடும். சாகாதவனும் தலை போனால் செத்துவிடுவான்; அவனுடைய சக்தி மின்னலாக வெட்டியவனுக்குள் புகும். தலை விழும், மின்னல் வெட்டும், கெட்டவன் ஒழிவான். இந்த இரண்டு எபிசோடுகளில் அந்த முடிவு போதாமல் போகிறது. டங்கன் நேருக்கு நேர் கேட்கும்போது, அன்றைய காலம் வேறு என்று மெதோஸ் முதலில் மழுப்புகிறான். பிறகு உடைத்துச் சொல்கிறான்: பழிவாங்கக் கொல்லவில்லை, பொருளுக்காகவும் கொல்லவில்லை, பிடித்திருந்தது, கொன்றேன். கேட்டுக்கொண்டிருப்பவன் அவனுடைய நண்பன். அந்த நட்பு கண்ணெதிரே முறிகிறது.

கொடுமை செய்தவர், பட்டவர் இருவரில் யாரோ ஒருவர் முந்திக்கொண்டு செத்துப்போவதுதான் உலக வழக்கம். கணக்கு பாதியில் நின்றுவிடும். இங்கே மெதோஸிடம் அடிமையாகக் கிடந்த கசாண்ட்ராவும் சாகாதவள். தன் கூட்டத்தார் வெட்டுப்பட்டதைப் பார்த்தவள் அவள். மன்னிக்கும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு, டங்கனுக்கு இல்லை. சாகாவரம் என்ற கற்பனையை இந்தத் தொடர் இவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்திய வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. முதல் சீசனில் வரும் டேரியஸ் என்ற சாகாதவனும் பழைய படைத்தலைவன்தான். சாகாவரம் பெற்ற ஒரு புனிதரைக் கொன்றதும் அவருடைய சக்தி உள்ளே புகுந்து அவனைத் திருத்திவிடுகிறது. அழகான கதை, ஆனால் சுலபமான கதை. மெதோஸுக்கு அந்த வசதி கிடையாது.

முடிவில் கசாண்ட்ரா கோடரியை ஓங்கி நிற்கிறாள். மெதோஸ் அழுதுகொண்டு கிடக்கிறான். அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்கிறான் டங்கன். அவள் கோடரியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். மன்னித்தேன் என்று ஒரு சொல் சொல்வதில்லை.

எனக்கு டங்கன்மேல்தான் வருத்தம். நண்பன் பிழைக்க வேண்டும் என்ற தன் ஆசையை, எல்லாவற்றையும் இழந்தவளின் தலையில் சுமத்துகிறான். அதற்கு அவன் அவளிடம் பதில் சொல்லியிருக்க வேண்டும்.