வினைலில் முகம் சிவக்கிறது, கலர் ப்ரொஃபைலை நாமே போட முடியுமா?

ஒரே ஃபைல், ஃப்ளெக்ஸில் சரியாக வருகிறது, வினைலில் அடித்தால் முகமெல்லாம் சிவந்து போகிறது, ப்ரொஃபைலை நாமே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். பாளையங்கோட்டையில் பேனர் அடிக்கிற ஈகோ சால்வென்ட் மெஷின் ஓட்டுகிறேன், எங்கள் மீடியா, அதாவது அச்சடிக்கிற வினைல், ஃப்ளெக்ஸ் மாதிரியானவை, எல்லாவற்றுக்கும் நானே போட்டதுதான்.

மெஷினோடு வந்த ப்ரொஃபைலை நம்பித்தான் முதல் இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒரு ஆடி மாதம் அம்மன் கோயில் கொடைக்கு பேனர். ஊர்ப் பெரியவர் அதைத் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம அம்மன் உடுத்துற பச்சை இதுவா?" என்றார். பாசி பிடித்த மாதிரி இருந்தது. போட்டோஷாப்பில் பச்சையை ஏற்றினால் கீழே வரிசையாக இருந்த விழாக் குழுக்காரர்கள் முகம் கெடுகிறது, முகத்தைச் சரி செய்தால் மஞ்சள் கெடுகிறது. அன்றைக்குத்தான் புரிந்தது, ஃபைலில் கை வைத்துத் தீராது என்று.

ப்ரொஃபைல் என்பது இந்த மெஷின், இந்த இங்க், இந்த மீடியா, இந்தப் பாஸ் (ஒரே இடத்தை ஹெட் எத்தனை தடவை கடந்து அடிக்கிறது என்பது), இந்த ஹீட்டர் சூட்டில் என்ன நிறம் கொடுக்கிறது என்ற குறிப்பு. மெஷின் தாறுமாறாக ஓடும்போது எடுத்தால் அந்தத் தாறுமாறைத்தான் குறித்துக்கொள்ளும். அதனால் முதலில் நாசில் செக் (இங்க் துளை எதுவும் அடைத்திருக்கிறதா என்று), ஹெட் அலைன்மென்ட். அப்புறம் ரிப்பில் (ஃபைலை மெஷினுக்கு ஏற்ற மாதிரி மாற்றி அனுப்பும் சாஃப்ட்வேர்) ஒவ்வொரு கலருக்கும் இங்க் லிமிட், அதாவது அதிகபட்சம் எவ்வளவு இங்க் விழலாம் என்ற அளவு. 0 முதல் 100 வரை கட்டம் கட்டமாக அடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு இடத்துக்கு மேல் அடர்த்தி கூடாது, நிறம்தான் திரும்பும்: சியான் நீலம் பக்கம் சாயும், மெஜந்தா சிவப்பு பக்கம் சாயும். அதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள்.

அடுத்து லீனியரைசேஷன், அதாவது 50 என்று அனுப்பினால் 50 மாதிரியே விழும்படி ஒவ்வொரு கலரையும் சரிசெய்வது. உங்கள் முகச் சிவப்புக்கு மருந்து பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. வினைலில் புள்ளி பரவுகிறது, 50 என்று அனுப்பிய மெஜந்தா 65, 70 மாதிரி விழுகிறது, முகத்தின் நிறமோ மெஜந்தாவும் மஞ்சளும் நடு அளவில் சேர்ந்து வருவது. இதை முடித்த பிறகு மொத்த இங்க் லிமிட். நான்கு கலரும் முழுசாக விழுந்தால் 400, எங்கள் வினைலில் 260 தாண்டினாலே ஓரத்தில் இங்க் தேங்கி, விரல் வைத்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் வினைலுக்கு நீங்களே அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதன் பிறகுதான் சார்ட், அதாவது அளப்பதற்காக அடிக்கிற நிறக் கட்டங்கள். ரிப்பில் லீனியரைசேஷனும் லிமிட்டும் இருக்கட்டும், ஐசிசி, அதாவது கலர் ப்ரொஃபைல், மட்டும் முழுக்க அணைந்திருக்க வேண்டும். பழைய ப்ரொஃபைல் உள்ளே இருக்கும்போதே சார்ட் அடித்து ஒரு நாள் முழுக்க வீணாக்கியிருக்கிறேன். அடித்தவுடன் அளக்காதீர்கள், சால்வென்ட் ஆவியாக ஆவியாக நிறம் நகரும். ராத்திரி முழுக்க விரித்துப் போட்டு மறுநாள் காலையில் அளக்கிறேன், ஐப்பசி மழையில் இன்னொரு நாள் சேர்த்து விடுவேன்.

அளக்க ஸ்பெக்ட்ரோ என்கிற நிறம் அளக்கும் கருவி வேண்டும். ஸ்கேனரோ போன் கேமராவோ உதவாது. கருவி விலை அதிகம்தான், தெரிந்த பிரஸ்ஸில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கலாம். சாஃப்ட்வேருக்கு ஆர்கில் சிஎம்எஸ் இலவசம், கட்டளைகளை டைப் செய்யப் பொறுமை மட்டும் வேண்டும். கருவியை அதன் வெள்ளை ஓட்டில் காலிபரேட் செய்துவிட்டு, சார்ட்டுக்கு அடியில் அதே மீடியாவின் வெள்ளைத் துண்டு இரண்டு போட்டு அளங்கள், இல்லாவிட்டால் மேசையின் நிறமும் சேர்ந்து வரும்.

இன்னொன்று, நிறைய மீடியாவில் வெள்ளையைப் பளிச்சென்று காட்ட பிரைட்னர் கலந்திருப்பார்கள். கருவி அதை நீலமாகப் படிக்கும், ப்ரொஃபைல் அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டும், பிரிண்ட் முழுக்க காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும். அப்படி வந்தால் எம்2, அதாவது யுவி இல்லாத முறையில் அளந்து பாருங்கள்.

ப்ரொஃபைல் கட்டும்போது கறுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று கேட்கும். சீக்கிரம் தொடங்கினால் இங்க் மிச்சம், சாம்பல் நிறமும் நிலையாக இருக்கும், ஆனால் கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள் மணல் தூவிய மாதிரி தெரியும். கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் என்று முகம்தான் அதிகம் என்றால் கறுப்பைத் தாமதமாகத் தொடங்க விடுங்கள்.

போட்ட ப்ரொஃபைல் அந்த ஒரு வினைலுக்கும் அந்தப் பாஸுக்கும் மட்டும். கம்பெனி மாறினால் புதிதாக எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் இங்க் இளகி ஓடும், அப்போது லீனியரைசேஷனை மட்டும் திரும்ப எடுத்தால் பல சமயம் போதும். சீசன் தொடங்கி மெஷினுக்கு ஓய்வில்லாமல் போன பிறகு இதற்கு உட்கார முடியாது, ஆனி மாதத்திலேயே இரண்டு நாள் ஒதுக்கி முடித்து வையுங்கள்.