கொண்டைய மட்டும் மாத்தினா வேற டெரோசார் ஆயிடாது

கேள்வி: டைனோசார் காலத்துல பறந்த ஊர்வனவான டெரோசார்ல 40 இனங்கள ஒரே போஸ்டர்ல டிஜிட்டலா வரைஞ்சிட்டு இருக்கேன். பத்து முடிச்சதுமே எல்லாம் ஒண்ணு போலவே தெரியுது, கொண்டைய மாத்தி மாத்தி போட்டு ஒப்பேத்துறேன். இறக்கைக்கு வவ்வால் போட்டோவ பாத்து வரையலாமா? கலர் எத வச்சு முடிவு பண்றது?

பதில்: ஒரு வேலை பண்ணுங்க. தலை இருக்கற லேயர் எல்லாத்தையும் ஹைட் பண்ணிட்டு வெறும் உடம்ப மட்டும் பாருங்க. எது எந்த இனம்னு வரைஞ்ச உங்களுக்கே தெரியலைன்னா சிக்கல் கொண்டைல இல்ல, ஒரே உடம்ப 40 தடவ காப்பி பண்ணியிருக்கீங்க.

டெரோசார் உடம்பு மோட்டாமோட்டா ரெண்டு மாதிரி. ஜெர்மனில சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புக்கல்லுல, சுமார் 15 கோடி வருஷத்துக்கு முந்தின அடுக்குல, ரெண்டுமே கிடைக்குது, அதனால இந்த ஜோடியவே மாடலா வச்சுக்கோங்க. ராம்ஃபோரிங்கஸ் பழைய டிசைன், கழுத்து குட்டை, உள்ளங்கை எலும்பும் குட்டை, கால்ல அஞ்சாவது விரல் நீளம், வாலும் நல்ல நீளமா நுனில ஒரு துடுப்பு மாதிரி தோலோட இருக்கும். டெரோடாக்டைலஸ் அப்படியே எதிர்மாறு, கழுத்து நீளம், உள்ளங்கை எலும்பு நீளம், வால் பேருக்குத்தான். இந்த உள்ளங்கை எலும்பத்தான் முக்காவாசி பேர் கோட்டை விடுறாங்க, அது நீண்டா இறக்கை மடியற இடமே தள்ளிப் போகும், நிக்கிற போஸே மாறிடும். சீனால கிடைச்ச டார்வினாப்டெரஸ்க்கு தலையும் கழுத்தும் புது டிசைன், வால் பழைய டிசைன், ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல அத வச்சீங்கன்னா போஸ்டரே கதை சொல்லும். விதிவிலக்கும் உண்டு, அனுரோக்னாத்தஸ்க்கு உள்ளங்கை எலும்பு குட்டை, ஆனா வாலும் குட்டை.

வவ்வால் போட்டோ வேண்டவே வேண்டாம். வவ்வால் இறக்கைக்குள்ள நாலு விரல் ஓடுது, அதான் ஓரம் குடைத்துணி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு நிக்குது. டெரோசாருக்கு இறக்கைய தாங்குறது ஒரே விரல், நாலாவது விரல், அது மட்டும் அசுரத்தனமா நீண்டிருக்கும், வழக்கமா 4 எலும்பு, நுனில நகம் கிடையாது. மத்த மூணு விரலும் சின்னதா, நகத்தோட, சவ்வுக்கு வெளில மணிக்கட்டுக்கு முன்னாடி நிக்கும். அப்போ சவ்வுக்கு நடுவுல எலும்புக் கோடே வரக்கூடாது. மணிக்கட்டுலேர்ந்து தோள் பக்கமா ஒரு குச்சி எலும்பு போகும், டெராய்டுன்னு பேரு, வேற எந்த விலங்குக்கும் இல்லாதது, அது முன்பக்கம் ஒரு சின்ன சவ்வ தாங்குது, அத போடாம விட்டா கழுத்துக்கும் கைக்கும் நடுவுல ஒரு ஓட்டை தெரியும். பின்பக்க சவ்வு கால்ல போய் சேரும், ஆனா நுனிய நோக்கி போகப் போக நல்லா ஒல்லியா வரையுங்க. சவ்வுக்குள்ள மெல்லிசு நார்கள் வரிசையா இருந்திருக்கு, அதனால துணி மாதிரி தொளதொளன்னு தொங்காது.

தலைக்கு வந்தா, கொண்டைக்கு முன்னாடி வாய பாருங்க, என்ன தின்னுச்சுங்கறது அங்கதான் எழுதியிருக்கு. அர்ஜென்டினாவோட டெரோடாஸ்ட்ரோவுக்கு கீழ்த்தாடைல பிரஷ் இழை மாதிரி ஆயிரம் பக்கம் பல்லு, தண்ணிய வடிகட்டி தின்னது. சீனாவோட சுங்காரிப்டெரஸ்க்கு மூக்கு நுனி மேல வளைஞ்சு பல்லில்லாம இருக்கும், பின்னாடி சிப்பி ஓடுகள நொறுக்குற மொண்ணைப் பல்லு. அனுரோக்னாத்தஸ்க்கு அகல வாய், பூச்சி பிடிக்க. டெரனோடானுக்கு பல்லே கிடையாது, அதோட பேர்லயே அது இருக்கு, ஆனாலும் பல்லு வச்சு வரையறவங்கள இன்னும் பாக்குறேன்! கால்ல மனுஷன தூக்கிட்டு போற மாதிரியும் போட்டுடாதீங்க, அந்தப் பாதம் நடக்க, பிடிக்க இல்ல.

இனம் ஒண்ணா இருந்தாலும் உருவம் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. டெரனோடான்ல பெருசா கொண்டை வச்சு, 6 மீட்டர் பக்கம் இறக்கை விரிப்போட இருக்கறத ஆணுன்னும், குட்டிக் கொண்டையோட 4 மீட்டருக்குள்ள நிக்கிறத பொண்ணுன்னும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கறாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சா அழகா இருக்கும்.

எல்லாத்தையும் பறக்க விடாதீங்க, சிலத தரையில நிக்க வைங்க. கால்தடங்கள் கிடைச்சிருக்கு, நாலு காலால நடந்திருக்கு, கைவிரல் பக்கவாட்டுல பதிய, இறக்கை விரல் மடங்கி மேல பின்னாடி போகும். டெக்சாஸ்ல 1971ல கண்டுபிடிச்ச கெட்சல்கோவாட்லஸ் நார்த்ரோபி இறக்கை விரிச்சா 10 மீட்டர், நின்னா ஒட்டகச்சிவிங்கி உயரம், அத நிக்க வச்சாத்தான் பிரமிப்பு வரும். ஆனா அளவுல ஒரு தலைவலி இருக்கு: அத 30 செ.மீ.க்கு வரைஞ்சா அரை மீட்டர் அனுரோக்னாத்தஸ் 1.5 செ.மீ.தான் வரும். அதனால பெரிய படங்கள உங்க வசதிக்கு வரைஞ்சிட்டு, கீழ ஒரு பட்டைல எல்லாத்தோட கருப்பு நிழலையும் ஒரே ஸ்கேல்ல போட்டுடுங்க.

கலருக்கு கொஞ்சம் சுதந்திரம் இருக்கு. பிரேசிலோட டுபன்டாக்டைலஸ் கொண்டைல நிறமித் துகள்கள் கிடைச்சதா 2022ல ஆய்வு வந்துச்சு, தோல்லயும் இறகு மாதிரியான இழைகள்லயும் துகளோட வடிவம் வேற வேற, அதாவது ஒரே கலரா இருந்திருக்காது. பச்சை பச்சையா பல்லித்தோல் டெக்ஸ்சர் வேண்டாம், உடம்புக்கு பஞ்சு மாதிரி ரோமம் போடுங்க. கஜகஸ்தானோட சோர்டெஸ்லயே 1971லேயே ரோமம் பதிவாயிருக்கு. நிக்டோசாரஸோட மான்கொம்பு மாதிரி கொண்டைக்கு நடுவுல பாய் கட்டி விடுறாங்க, அதுக்கு ஆதாரம் எதுவும் இல்ல, வெறும் எலும்பாவே விடுங்க.

புதைபடிவ போட்டோவ அப்படியே டிரேஸ் பண்ணாதீங்க, கல்லுல நசுங்கி தட்டையானது அது, ஆய்வுக்கட்டுரைல வர்ற எலும்புக்கூடு வரைபடத்துலேர்ந்து ஆரம்பிங்க. லிஸ்ட்ல ஹாட்செகோப்டெரிக்ஸ் இருந்தா யோசிங்க, ருமேனியால கிடைச்சது துண்டு துண்டாத்தான், தலை பெருசு கழுத்து தடினு தெரியும், மிச்சத்த சொந்தக்காரங்கள பாத்துத்தான் நிரப்பணும். நீங்க வரைஞ்சா ஊகிச்ச பாகத்த வேற ஷேட்ல காட்டிடுங்க.