இரண்டு கொல்லர்கள் திறந்த சந்து

கேள்வி: அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தின் நடுவில், முந்நூறு ஆண்டுகளாக மக்கள் தொடர்ந்து குடியிருந்துவரும் ஒரு சந்து இருப்பதாகப் படித்தேன். திட்டமிட்டுக் கட்டிய நகரத்தில் அப்படியொரு குறுகிய சந்து எப்படி வந்தது? அதன் பெயர் யாருடையது?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது எல்ஃப்ரெத் சந்து. 1682-இல் வில்லியம் பென் அந்நகரத்தை நிறுவியபோது, அகன்ற தெருக்களும் ஒவ்வொரு வீட்டையும் சுற்றித் தோட்டமும் கொண்ட பசுமையான ஊரைத்தான் மனத்தில் வைத்திருந்தார். தீயும் கொள்ளைநோயும் லண்டனைப் பாழாக்கியதை இளமையில் கண்டவர் என்பதால், நெருக்கம் அவருக்கு ஆகாது. ஆனால் நிலம் வாங்கியவர்களின் கணக்கு வேறாக இருந்தது. கப்பல்கள் வந்து நின்றது டெலவர் ஆற்றங்கரையில்; தொழிலும் வருமானமும் அங்கேதான். எனவே எல்லோரும் ஆற்றை ஒட்டியே வாழ விரும்பி, பென் அளந்து கொடுத்த பெரிய மனைகளைக் கூறுபோட்டு விற்றார்கள், வாடகைக்கு விட்டார்கள், உள்ளே போய்வர ஆங்காங்கே வழி வெட்டிக்கொண்டார்கள்.

அப்படி வெட்டப்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று. ஆர்தர் வெல்ஸ், ஜான் கில்பர்ட் என்ற இரண்டு கொல்லர்கள் 1702-இல் தங்கள் நிலங்களிலிருந்து ஆளுக்கொரு பகுதியை விட்டுக்கொடுத்து, ஆற்றோரப் பட்டறைகளிலிருந்து இரண்டாம் தெருவுக்கு வண்டி போகும்படி இந்தப் பாதையைத் திறந்தார்கள். இதில் தருமம் எதுவும் இல்லை. பாதை வந்தால் பின்பக்க மனைக்கும் முகப்பு கிடைக்கும், மனையின் விலை ஏறும். வழி விட்ட இருவரின் பெயரும் அதற்கு நிலைக்கவில்லை. அதே நூற்றாண்டில் அங்கே வீடுகள் வைத்திருந்த ஜெரமையா எல்ஃப்ரெத் என்பவரின் பெயரே நிலைத்தது. அவரும் கொல்லர்தான் என்றாலும், நிலத்திலும் வீட்டிலும் பணம் போடத் தெரிந்த கொல்லர்.

கேள்வி: அங்கே வாழ்ந்தவர்கள் செல்வந்தர்களா?

பதில்: இல்லை. இன்றைக்கு அங்கே நிற்கும் 32 வீடுகளும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலிருந்து 1836 வரை ஒவ்வொன்றாக எழுந்தவை. அவற்றில் குடியிருந்தவர்கள் கப்பல் தச்சர்கள், வெள்ளி வேலை செய்பவர்கள், வெள்ளீயப் பாத்திரம் வார்ப்பவர்கள், மரச்சாமான் செய்பவர்கள் போன்ற கைத்தொழிலாளர்கள். முன்னறையே பட்டறை அல்லது கடை, மாடியில் குடித்தனம். அமெரிக்கப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் மூன்றில் ஒரு குடும்பத்துக்குப் பெண்ணே தலைவியாக இருந்தாள் என்பது, அக்காலத்தைப் பற்றி நாம் வைத்திருக்கும் எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்க்கும் செய்தி. 126 எண் கொண்ட வீட்டில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்து, சீமாட்டிகளுக்கு ஆடை தைத்துப் பிழைத்தார்கள். அந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக உள்ளது.

வீட்டுக்காரரின் பெயர் பத்திரத்தில் இருக்கும். குடியிருந்தவரின் பெயர் அதில் இருக்காது. ஆகவே இத்தகைய சந்தின் வரலாற்றை எழுத முனைபவர் கிரயப் பத்திரங்களோடு நின்றுவிட்டால், வாடகை வாங்கியவர்களின் வரலாறு மட்டுமே மிஞ்சும். வரிப் பட்டியலும் மக்கள்தொகைக் கணக்கும்தான் மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகியபோது, இதே சிறு வீடுகளில் பிற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. அழகான செங்கல் முகப்பை மட்டும் படமெடுத்துத் திரும்பும் பயணிகளுக்கு இந்த நூறாண்டுக் கதையை யாரும் சொல்வதில்லை என்பது என் குறை.

கேள்வி: அப்பகுதிப் பழைய வீடுகளின் சுவரில் கைகள், மரம் போன்ற உருவங்கள் பதித்த பட்டயங்களைப் படங்களில் பார்த்தேன். அவை குலச்சின்னங்களா?

பதில்: தீக்காப்பீட்டு அடையாளங்கள். பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் 1752-இல் தொடங்கிய காப்பீட்டுச் சங்கத்தின் அடையாளம், ஒன்றன் மணிக்கட்டை ஒன்று பற்றிய நான்கு கைகள். ஈயத்தில் வார்த்து மரப்பலகையில் பொருத்தியிருப்பார்கள். மரத்தின் கதை இன்னும் சுவையானது. வீட்டு முன்னால் மரம் நின்றால் தீயணைக்க இடைஞ்சல் என்று அந்தச் சங்கம் 1781-இல் அத்தகைய வீடுகளைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்கியது. மரத்தை வெட்ட மனம் வராத வீட்டுக்காரர்களுக்காக 1784-இல் வேறொரு நிறுவனம் தோன்றி, பச்சை மரத்தையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது. வரலாற்றாளருக்கு இந்நிறுவனங்கள் செய்த பேருதவி வேறொன்று: காப்பீடு கொடுப்பதற்கு முன் ஆள் அனுப்பி, சுவரின் கனம், மாடிப்படி, அறைகளின் அமைப்பு ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே சில மாடிச் சன்னல்களுக்கு வெளியே, கோணம் வைத்துச் சேர்த்த சிறு கண்ணாடிகளையும் காணலாம். கீழே கதவைத் தட்டுவது யாரென்று மாடியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளவும், வேண்டாத விருந்தாளி என்றால் பேசாமல் இருந்துவிடவும் உதவிய ஏற்பாடு அது.

கேள்வி: நகரத்தின் நடுவில் இருக்கும் இவ்வளவு மதிப்புள்ள நிலத்தை இடிக்காமல் எப்படி விட்டுவைத்தார்கள்?

பதில்: எளிதில் விட்டுவைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி சீரழிந்து கிடந்தது. எல்ஃப்ரெத் என்ற பெயரைக்கூட மாநகராட்சி நீக்கி, செர்ரி தெரு என்று மாற்றியிருந்தது. உரிமையாளர்கள் சிலர் வீடுகளை இடிக்க முனைந்தபோது, சந்திலேயே உணவகம் நடத்திய டாலி ஆட்டி என்ற பெண்மணி அக்கம்பக்கத்தாரைத் திரட்டி 1934-இல் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். பழைய பெயரும் அந்தச் சங்கத்தின் முயற்சியால்தான் திரும்பியது. பின்னர் இன்டர்ஸ்டேட் 95 நெடுஞ்சாலைத் திட்டம் ஆற்றங்கரையை நோக்கி வந்தபோதும் அவர்கள் போராட வேண்டியிருந்தது. 1960-களில் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி உறுதியாகிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 124, 126 எண் வீடுகளைத் தவிர மற்றவை தனியார் வீடுகள். சந்தில் தாராளமாக நடக்கலாம். சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். ஆண்டில் ஓரிரு நாள் குடியிருப்பவர்கள் சிலர் தாங்களாகவே கதவைத் திறந்து, நுழைவுச்சீட்டு வாங்கியவர்களை உள்ளே அழைத்துக் காட்டுகிறார்கள். அந்த நாளைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது.