யாருக்குத் துரோகம்?

அன்புள்ள ஐயா,
1519இல் செம்போவாலா ஊரின் டோட்டோனாக் இனத் தலைவர் சிக்கோமகாட்ல், ஸ்பானியத் தளபதி கோர்தெஸோடு கைகோத்ததைப் பற்றிப் படித்தேன். அந்த ஒரு துரோகி இல்லையென்றால் மெக்சிகோ தப்பியிருக்குமா?
– ர.

அன்புள்ள ர.,

இந்த மனிதர் சில நாட்களாகவே என் மனதில் இருக்கிறார். அதனால்தான் உடனே எழுதுகிறேன். மெக்சிகோ தப்பியிருக்குமா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. அதை விடுங்கள்.

ஆனால் துரோகி என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! இன்றைய மெக்சிகோ என்ற நாடே அன்று கிடையாது. அஸ்டெக்குகள் ஆண்ட டெனோச்டிட்லான் சிக்கோமகாட்லின் தலைநகரம் அல்ல, அவருடைய மக்களிடம் கப்பம் பிடுங்கிய நகரம். பலி கொடுக்கவும் வேலை வாங்கவும் தங்கள் பிள்ளைகளையே கேட்கிறார்கள் என்று டோட்டோனாக்குகள் கோர்தெஸிடம் முறையிட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும், சொல்லுங்கள்?

அவர் கண்முன் நின்றது ஒரு பேரரசு அல்ல. கோர்தெஸின் சுமார் 500 பேர், 16 குதிரைகள், சில பீரங்கிகள். இவர்களை வைத்து அஸ்டெக் பேரரசர் மோக்தெசூமாவின் பிடியிலிருந்து விடுபடலாம் என்று கணக்குப் போட்டார். அது முட்டாள்தனமான கணக்கு இல்லை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். மோக்தெசூமாவின் ஆட்கள் 5 பேர் கப்பம் கேட்டு கியாவிஸ்ட்லான் என்ற டோட்டோனாக் ஊருக்கு வந்தார்கள். அவர்களைப் பிடித்துக் கட்டச் சொன்னான் கோர்தெஸ். டோட்டோனாக்குகள் நடுங்கினார்கள், ஆனாலும் அவனை நம்பிக் கட்டினார்கள். அன்று இரவே அவர்களில் இருவரை ரகசியமாக அவிழ்த்துவிட்டு, தான் மோக்தெசூமாவின் நண்பன் என்று சொல்லி அனுப்பினான். விடிந்ததும், ஏன் தப்பவிட்டீர்கள் என்று டோட்டோனாக்குகள் மேலேயே கோபப்பட்டான்! இனி அவர்களுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை. கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தது இங்கே யார்? இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களுக்கு ஏன் வரவில்லை?

பிறகு செம்போவாலா கோவில் தெய்வங்களை அதே நண்பர்கள் படிகளில் உருட்டித் தள்ளினார்கள். தலைவர்களும் பூசாரிகளும் அழுதார்கள். எதிர்த்தால் மோக்தெசூமாவின் படை வரும் என்று பயமுறுத்தியே வாயை அடைத்தார்கள். 1520இல் கோர்தெஸைப் பிடிக்க நார்வாயெஸ் என்ற இன்னொரு ஸ்பானியத் தளபதி கொண்டுவந்த படை தங்கியதும் அதே ஊரில்தான். ஸ்பானியர்கள் தங்களுக்குள் மோதியதில் சிக்கோமகாட்லுக்கும் காயம். அந்தப் படையோடு பெரியம்மையும் வந்து இறங்கியது.

அழிந்துபோன டெனோச்டிட்லானுக்காக நீங்கள் வருந்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வருத்தத்தில் செம்போவாலாவுக்கும் பங்கு கொடுங்கள். அதன்பிறகும் துரோகி என்றுதான் தோன்றினால், யாருக்கு என்று ஒரு வரி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.