டாஸ் மெமரி: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை தட்டி ஓட்டும் இயங்குதளம்) ஓடும் கணினியில் 4 எம்பி ரேம் இருக்கிறது. விளையாட்டைத் திறந்தால் மெமரி போதவில்லை என்கிறது. ஏன்?

பதில்: அதற்கு வேண்டியது முதல் 640 கேபிக்குள் காலியிடம். டாஸ், மவுஸ் டிரைவர், சிடி டிரைவர் எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும். 'மெம் /சி' கொடுத்தால் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார் என்று தெரியும். டாஸ் 5 (1991) அல்லது அதற்குப் பிந்தையது என்றால் கான்ஃபிக்.சிஸ் என்ற தொடக்க அமைப்பு ஃபைலில் ஹைமெம்.சிஸ் என்ற மெமரி டிரைவரை ஏற்றி, 'டாஸ்=ஹை' வரியைச் சேருங்கள். டாஸின் பெரும்பகுதி 1 எம்பிக்கு மேலே போய்விடும். அதில் கைவைக்கும் முன் பூட் ஃபிளாப்பி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: டாஸ் ஓடும் ரியல் மோடில் (சில்லின் பழைய 8086 பாணி இயக்கம்) 1 எம்பிக்கு மேல் முகவரியே கிடையாதே, டாஸ் எப்படி அங்கே போகிறது?

பதில்: இப்படிக் கேட்டால் பதில் சொல்ல ஆசையாக இருக்கிறது. முகவரிக்கு இரண்டு எண்கள், செக்மென்ட், ஆஃப்செட் என்று. செக்மென்ட்டை 16ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் முகவரி. இரண்டையும் உச்சத்தில் வைத்தால் 1 எம்பியைத் தாண்டி 65,520 பைட் எட்டும். 8086 சில்லுக்கு முகவரிக் கம்பி இருபதுதான், அதனால் கணக்கு சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். 80286இல் 24 கம்பிகள், நிஜமாகவே மேலே போகும். ஆனால் சில பழைய புரோகிராம்கள் அந்தச் சுற்றலை நம்பியிருந்தன. அவற்றுக்காக ஐபிஎம் 1984இல் ஏடி கணினியில் ஏ20 கம்பியை (இருபத்தோராவது முகவரிக் கம்பி) மூடித் திறக்க வழி வைத்தது, அதுவும் கீபோர்டு கன்ட்ரோலர் வழியாக! ஹைமெம் அதைத்தான் திறக்கிறது.

கேள்வி: 'டாஸ்=ஹை' போட்ட பிறகு ஒரு புரோகிராம் 'பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்' என்கிறது.

பதில்: ஃபைல் கெடவில்லை. கீழே இடம் காலியானதால் புரோகிராம் முதல் 64 கேபிக்குள் ஏறிவிட்டது. சுருக்கிவைத்த சில இஎக்ஸ்இ ஃபைல்கள் அங்கே சரியாக விரியாது. பெயருக்கு முன்னால் 'லோட்ஃபிக்ஸ்' போடுங்கள்.

கேள்வி: 640 வரம்பு மைக்ரோசாஃப்ட் செய்த வினைதானே?

பதில்: இல்லை. ஐபிஎம் பிசியில் இருந்த 8088 சில்லு கொடுத்தது 1 எம்பி. அதில் மேல் 384 கேபியைத் திரைக்கும் ரோமுக்கும் (ROM, அழியாத மெமரி) ஒதுக்கியது ஐபிஎம். '640 போதும்' என்று தான் சொன்னதாகச் சுற்றும் வாசகத்தை பில் கேட்ஸே மறுத்திருக்கிறார்.

கேள்வி (அவரே): ஐபிஎம் மேல் பழி போட்டுத் தப்பிக்க விடுகிறீர்கள்.

பதில்: சரி, விக்டர் 9000 என்ற கணினியைப் பாருங்கள். அதே எம்எஸ்-டாஸ், 896 கேபி வரை ரேம். ஐபிஎம் பிசியிலேயே சிஜிஏ என்ற திரை அட்டை மட்டும் இருந்தால் 736 கேபி வரை நீட்டலாம். தொடர்ச்சியாகக் கிடைக்கிற இடம் எவ்வளவானாலும் டாஸ் எடுத்துக்கொள்ளும். மெமரியைத் துண்டுகளாக்கிச் சங்கிலியாகக் கோத்து வைக்கும்: ஒவ்வொரு துண்டுக்கும் 16 பைட் தலைப்பு, கடைசித் துண்டில் 'இசட்', மற்றதில் 'எம்'. அந்தச் சங்கிலியில் 640 என்று எங்கும் எழுதியில்லை.

கேள்வி (இன்னொருவர்): அப்படியே ஆனாலும் 1 எம்பியில் முட்டத்தானே போகிறது? ரியல் மோடை விட்டு வராதது டாஸ் குற்றம்தான்.

பதில்: இது வேறு வழக்கு, இதில் பாதி உங்கள் பக்கம். ஆனால் 286இல் (80286) 1 எம்பிக்கு மேலுள்ள மெமரியையும் எட்டும் புரொடெக்டட் மோடுக்குப் போனால் ரீசெட் இல்லாமல் திரும்ப முடியாது. திரையில் நேரடியாக எழுதிய அத்தனை புரோகிராம்களையும் என்ன செய்வது?

கேள்வி: 1 எம்பிக்கு மேற்பட்ட மெமரியைப் பயன்படுத்தும் இரண்டு வழிகள், இஎம்எஸ், எக்ஸ்எம்எஸ், வித்தியாசம்?

பதில்: இஎம்எஸ் 1 எம்பிக்குள் ஒரு ஜன்னல் வைத்து, வெளி மெமரியை 16 கேபி பக்கங்களாக மாற்றி மாற்றிக் காட்டும். எக்ஸ்எம்எஸ் மேலே உள்ளதைக் கீழே நகலெடுத்துத் தரும்.

கேள்வி: 8 எம்பி இருக்கிறது, மெமரி இல்லை என்கிறதே?

பதில்: முதல் பதில். 4க்குப் பதில் 8 என்று படிக்கவும்.

கேள்வி: விண்டோஸ் 11இல் ரேம் நிறைய காட்டுகிறது.

பதில்: இங்கே இல்லை.

கேள்வி: டாஸ் 6இல் மெம்மேக்கர் (மெமரியைத் தானே ஒழுங்குபடுத்தும் புரோகிராம்) ஓட்டினேன், இப்போது கணினி எழவே மாட்டேன் என்கிறது.

பதில்: 'ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்' என்று வந்ததும் எஃப்5 அழுத்துங்கள், கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற இரண்டு தொடக்க ஃபைல்களையும் தாண்டிவிடும். எஃப்8 என்றால் வரி வரியாகக் கேட்கும், எது மாட்டுகிறது என்று பிடித்துவிடலாம். பூட் ஃபிளாப்பி செய்யவில்லை, அப்படித்தானே?