திருநாள் பந்தலில் பானகமும் நீர்மோரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஸ்ரீராம நவமியும் சித்திரைத் திருவிழாவும் நெருங்கும் இந்நாட்களில் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை பானகம், நீர்மோர், பதநீர் ஆகியவற்றைப் பற்றியவை. வீட்டில் நால்வருக்குக் கலக்கும்போது பொருட்படுத்தாத சிறு கவனக்குறைவுகூட, வெயிலில் நடந்து வரும் நூறு பேருக்குக் கொடுக்கும்போது பெரிய தீங்காக முடியலாம் என்பதால், அளவையும் தூய்மையையும் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருக் கோயிலில் ராம நவமியன்று நூறு பேருக்குப் பானகம் தர இருக்கிறோம். அளவு சொல்ல இயலுமா?
மன்னார்குடி வாசகி

ஒருவருக்கு 150 மில்லி என்று வைத்துக்கொண்டால் 15 லிட்டர் தேவைப்படும். அதற்குக் காய்ச்சி ஆறவைத்த நீர் 14 லிட்டரும் வெல்லம் 2 கிலோவும் போதும். வெல்லம் கரையும்போது கொள்ளளவு ஒரு லிட்டருக்கு மேல் கூடிவிடும் என்பதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. சுக்குப் பொடி 15 கிராம், ஏலக்காய்ப் பொடி 8 கிராம், எலுமிச்சம்பழம் பத்து முதல் பன்னிரண்டு, உப்பு ஒரு தேக்கரண்டி, துளசி ஒரு கைப்பிடி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லிட்டர் நீரில் வெல்லத்தைப் போட்டு ஒரு கொதி வரும்வரை காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, முழுவதும் ஆறிய பிறகே மீதி நீருடன் கலக்க வேண்டும். வெல்லத்தில் மண்ணும் கரும்புச் சக்கையும் இருப்பது இயல்பு என்பதால் அதைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அப்படியே கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. பளிச்சென்ற மஞ்சள் நிற வெல்லத்தைத் தவிர்த்துவிடுங்கள். நிறத்தை வெளுக்க ஹைட்ராஸ் என்னும் வேதிப்பொருளைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. கரும்பழுப்பு வெல்லமே மணத்திலும் சுவையிலும் மேலானது. எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில், விதை நசுங்காமல் பிழிந்து சேர்த்தால் கசப்பு ஏறாது. சுக்குப் பொடி கரையாமல் அடியில் தங்கும். ஆகவே ஒவ்வொரு முறை முகரும்போதும் அடிவரை கலக்கிவிட ஒருவரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முதலில் வருபவர்களுக்கு வெறும் இனிப்பு நீரும் கடைசியில் வருபவர்களுக்குத் தொண்டை எரியும் காரமும்தான் கிடைக்கும்.

பானகத்தில் பச்சைக் கற்பூரம் சேர்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். குழந்தைகளுக்கும் கொடுக்கலாமா?
ஸ்ரீரங்கம் வாசகர்

குழந்தைகளுக்கெனத் தனியாக எடுத்துவைத்த பிறகு பெரியவர்களுக்கான பாத்திரத்தில் மட்டும் சேர்ப்பதே சரி. கற்பூரம் எவ்வகையாயினும் அளவு மீறினால் வலிப்பை உண்டாக்கும். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும். பெரியவர்களுக்கும் மணத்திற்காக ஓர் அரிசி அளவு துணுக்கைப் பெரிய பாத்திரம் முழுவதற்கும் பொடித்துப் போட்டால் போதுமானது. பூசைக்கு ஏற்றும் கற்பூர வில்லைகள் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுபவை, உண்பதற்குரியவை அல்ல. இரண்டு டப்பாக்களையும் ஒரே அலமாரியில் வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள்.

காலையில் கலந்த நீர்மோர் நண்பகலுக்குள் புளித்துவிடுகிறது. ஐஸ் கட்டி போட்டும் பயனில்லை. என்ன செய்வது?
மதுரை வாசகர்

தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் சித்திரை வெயிலின் வெப்பத்தில் ஓயாமல் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மொத்த மோரையும் காலையிலேயே கலந்து வைக்காமல், தயிரைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்திற்குத் தேவையானதை மட்டும் ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு நீர் என்று கடைந்து கலக்குங்கள். முந்தின இரவு உறைகுத்திய, அதிகம் புளிக்காத தயிராக இருக்க வேண்டும். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றை உப்புடன் விழுதாக அரைத்துத் தனியே வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வரும். எண்ணெய் மேலே மிதக்கும் என்பதால் கடுகும் பெருங்காயமும் தாளிக்க மிகக் குறைந்த எண்ணெயே போதும்.

ஐஸ் கட்டியைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. மீனையும் பிற பொருள்களையும் குளிர்விக்கும் பாளங்கள் குடிநீரால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவற்றை அடையாளம் காண்பதற்காகவே, உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறமூட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூன் முதல் விதித்தது. ஆனால் வெண்மையாக இருப்பதால் மட்டும் ஒரு பாளத்தை நம்பிவிட முடியாது. குடிநீரில் செய்தது என்று விற்பவர் உறுதியளிக்காத பாளத்தை மோருக்குள் போடாதீர்கள். மோர்ப் பாத்திரத்தைப் பெரிய அண்டாவில் வைத்துச் சுற்றிலும் அந்த ஐஸைக் கொட்டினால் ஐஸ் நீர் மோரில் சேராமலே குளிர்ச்சி கிடைக்கும்.

பித்தளை அண்டாவில் கலக்கலாமா? மண்பானைதான் சிறந்தது என்கிறார்களே?
சென்னை வாசகி

எலுமிச்சையும் தயிரும் புளிப்பானவை என்பதால் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களிலிருந்து செம்பு கரைந்து பானத்தில் சேரும். குமட்டலும் வாந்தியும் அதனால் வரலாம். எவர்சில்வர் போதும்.

மண்பானையின் குளிர்ச்சி, அதன் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாவதால் வருவது. காற்று வறண்டிருக்கும் மதுரையிலும் திருச்சியிலும் அது நன்றாகக் குளிரும். ஈரக்காற்று வீசும் சென்னைக் கடற்கரைப் பகுதிகளில் அந்த அளவு குளிராது. வெல்லப் பாகும் மோரின் கொழுப்பும் அத்துளைகளை அடைப்பதுடன் உள்ளேயே தங்கிக் கெட்டும் போகும். எனவே பானையில் தண்ணீரை மட்டும் முந்தின இரவே ஊற்றிக் குளிரவைத்து, அந்த நீரைக் கொண்டு வேறு பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள்.

கடையில் வாங்கும் நன்னாரி சர்பத் சிவப்பாக இருக்கிறது. வேரில் செய்தால் அந்த நிறம் வருமா?
விருதுநகர் வாசகர்

வராது. வேரில் செய்த சர்பத் தேநீர்க் கஷாயத்தின் பழுப்பு நிறத்திலேயே இருக்கும். பளபளக்கும் சிவப்பு, சேர்க்கப்பட்ட நிறமியால் வருவது. வேரைக் கழுவித் தட்டி, நடுவிலுள்ள வெள்ளைத் தண்டை நீக்கிவிட்டு, பட்டையைச் சூடான நீரில் மூடி இரவு முழுவதும் ஊறவிடுங்கள். நன்னாரியின் மணம் எளிதில் ஆவியாகிப் போகும் தன்மையுடையது என்பதால், திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதிக்கவைத்தால் வெறும் கசாயமே மிஞ்சும். சர்க்கரைப் பாகைத் தனியே காய்ச்சி, சூடு தணிந்த பிறகு ஊறல் நீரைச் சேர்ப்பதே என் முறை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டிப் பானகம் குடிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
தூத்துக்குடி வாசகி

உண்மையல்ல. வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் பெரும்பகுதி சர்க்கரையே. மேலே சொன்ன அளவின்படி ஒரு குவளைப் பானகத்தில் ஏறக்குறைய 20 கிராம் வெல்லம் இருக்கிறது. பந்தலில் நீர்மோரும் இருந்தால் அவர்கள் எதையும் இழந்ததாக எண்ண வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளைப் பயன்படுத்தலாமா?
கோவை வாசகர்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அவற்றுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர்களையும் அவற்றைக் கழுவ இரண்டு பேரையும் ஏற்பாடு செய்யுங்கள்.

திருவிழாவுக்கு வரும் உறவினர்களுக்குப் பதநீர் கொடுக்க ஆசை. முதல் நாளே வாங்கி வைக்கலாமா? போதை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.
திருச்செந்தூர் வாசகி

முதல் நாளே வாங்காதீர்கள். உங்கள் அச்சம் நியாயமானதே. பனம்பாளையிலிருந்து சொட்டும் சாறு, காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டுகளால் சில மணி நேரத்திலேயே நொதித்துக் கள்ளாகத் தொடங்கும். அதைத் தடுப்பதற்காகவே கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தள்ளிப்போடுமே தவிர அடியோடு நிறுத்திவிடாது. விடியற்காலையில் இறக்கியதை வாங்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் நீரைத் துணியில் வடித்து, குளிர்பெட்டியில் வைத்து அன்று பகலுக்குள் கொடுத்துவிடுங்கள். நுரை கட்டினாலோ, புளித்த வாடை வந்தாலோ, நாக்கில் சுள்ளென்று தைத்தாலோ அதைக் குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. மற்றவர்களுக்கும் பதநீர் என்று சொல்லிக் கொடுப்பது முறையன்று. நல்ல பதநீரில் நுங்கையும் மாங்காய்த் துண்டுகளையும் போட்டுப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுங்கள். பங்குனி, சித்திரையில் பனையேறும் பருவம் உச்சத்தில் இருக்கும் என்பதால் உங்கள் ஊர்ப் பக்கம் தேடி அலைய வேண்டியிருக்காது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை மட்டும் பனையேறியிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவையுங்கள்.