முன்பணம் கட்டும் முன்: புதுச்சேரி விடுதிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கோடை விடுமுறைக்குப் புதுச்சேரி போய்வந்தவர்களின் கடிதங்கள் மேசையில் குவிந்திருக்கின்றன. பெரும்பாலும் நாளுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வாடகையுள்ள சிறு விடுதிகள் பற்றியவை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எனக்குப் புதுச்சேரி பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். இந்த விடுதிகளை ஓரளவு அறிவேன். கடிதங்களைச் சுருக்கி, முடிவில் ஊர்ப்பெயரோடு தந்திருக்கிறேன். அடுத்து வருவது என் பதில்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு விடுதியின் பெயரைக் கைபேசியில் தேடி, வரைபடத்தில் இருந்த எண்ணில் பேசி, இரண்டு இரவுக்கு 3,600 ரூபாய் அனுப்பினேன். பிறகு, "பதிவு ஆகவில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார்கள். ஸ்கேன் செய்து ரகசிய பின் எண்ணைப் போட்டதும் மேலும் 14,000 போய்விட்டது. அது தங்கள் எண்ணே இல்லை என்கிறது விடுதி. வீட்டில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (சேலம்)

அம்மா, வெட்கப்பட வேண்டியவன் உங்கள் பணத்தை எடுத்தவன். இன்றே வீட்டில் சொல்லுங்கள். மறைத்து வைத்தால் புகார் தள்ளிப்போகும். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் குற்றப் பணமோசடிக்கென்றே உள்ள எண் அது. திருடிய பணம் ஒரே கணக்கில் தங்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். முதல் சில மணி நேரத்தில் புகார் வந்தால் வங்கிகள் வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. நாளாகியிருந்தாலும் புகார் கொடுங்கள். இரண்டு பரிமாற்றங்களின் 12 இலக்க எண்கள், அவன் பேசிய எண், அந்த க்யூஆர் படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பணம் வாங்க பின் எண் வேண்டியதில்லை. பின் எண்ணைக் கேட்கிறார்கள் என்றால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று பொருள். வரைபடத்தில் இருக்கும் தொலைபேசி எண்ணை யார் வேண்டுமானாலும் திருத்தச் சொல்லி அனுப்பலாம். சில நேரம் அந்தத் திருத்தம் ஏறியும்விடுகிறது. பணம் அனுப்புமுன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். அது வங்கியில் பதிவான பெயர். விடுதியின் பெயருக்கோ உரிமையாளர் பெயருக்கோ தொடர்பில்லாத யாரோ ஒருவர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெங்களூரிலிருந்து இரவு பஸ் பிடித்துக் காலை ஐந்து மணிக்கு விடுதிக்குப் போனோம். பகல் 12 மணிக்குத்தான் அறை என்றார்கள். அப்போதே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை கூடுதலாம். இது பகல் கொள்ளை இல்லையா? (ஓசூர்)

இல்லை. முந்தைய இரவு அந்த அறையில் வேறொருவர் தூங்கிக்கொண்டிருந்தார். உங்கள் பதிவுச் சீட்டின் இரண்டாவது வரியில் 12 மணி என்று அச்சாகியிருக்கிறது. நகலை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். டிக்கெட் எடுத்த அன்றே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

"200 ஆண்டுப் பாரம்பரிய பிரெஞ்சு வீடு" என்று விளம்பரம். போய்ப் பார்த்தால் கான்கிரீட் கட்டடத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்திருக்கிறார்கள். (திருச்சி)

பழைய வீடு என்று ஆசையாகப் போனோம். சுவர் முழுக்கக் காரை உதிர்கிறது, படுக்கையில் தூசி விழுகிறது. வழக்குப் போடலாமா? (ஈரோடு)

இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் இருந்தால் எந்தக் கட்டடமும் 'ஹெரிடேஜ்' ஆகிவிடுகிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குத்தான் ஹெரிடேஜ் ஹோட்டல் என்று தரச்சான்று கொடுக்கிறது. ஆனால் அந்தச் சான்றை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால்தான் இந்தச் சொல் இப்படிச் சீரழிகிறது. திருச்சி வாசகரே, ஆண்டுக் கணக்குச் சொல்லி விளம்பரம் செய்து ஆளை வரவழைப்பது தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தின் படத்தையும் கட்டடத்தின் படத்தையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். அவர்கள் விளம்பரத்தை மாற்றுவதற்குள் படம் எடுத்து வையுங்கள்.

பழைய வீட்டை அடையாளம் காண்பது கடினமில்லை. ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனத்தைப் பாருங்கள். முழங்கை நீளம் உள்ளே போகும். அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது அதுதான். ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகள்: உயரமான மதில், அகன்ற வாயில், ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட ஜன்னல்கள். மேற்கே தமிழர் பகுதியில் திண்ணை, தாழ்வாரம், முற்றம். சில வீடுகள் கீழே திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடு, மேல்மாடியில் வளைவு ஜன்னலும் அரைத்தூணுமாக பிரெஞ்சு வீடு. இந்தக் கலப்பைக் காண வைசியாள் வீதிக்குப் போங்கள். அந்த வீதியைப் புதுப்பித்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

இனி ஈரோடு வாசகர். சுண்ணாம்புச் சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட்டோ பிளாஸ்டிக் பெயின்ட்டோ பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு உப்பி உதிரும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்றாகப் பராமரித்த வீட்டிலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அது மோசடி ஆகாது. இப்படிப்பட்ட வீட்டைக் காப்பாற்றச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கைவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரைச் சாலையில் எல்லோரும் பார்த்தோம்: பிரெஞ்சுக் காலத்து நகர்மன்றமான பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது புதிதாகக் கட்டியது. வீட்டை விடுதியாக்கி, அந்த வாடகையில் கூரையைச் செப்பனிடுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தூசி தலையணையில் விழுகிறது, மாற்று அறை கேட்டும் தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. கேட்டீர்களா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை.

இந்தப் 'பழைய' என்ற சொல்லுக்கு நானும் பணம் இழந்திருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு கடையில் "செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு நாற்காலி" என்று 8,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கைப்பிடியில் சாயம் வழித்துக்கொண்டு வந்தது. அடியில் வெளிறிய ரப்பர் மரம். பில்லில் 'நாற்காலி 1' என்று மட்டும் எழுதியிருந்தது. தேக்கு என்ற சொல்லைப் பில்லில் எழுதச் சொல்லியிருந்தால் என் கையில் ஒரு ஆதாரம் இருந்திருக்கும்.

"இன்னும் ஒரே ஓர் அறைதான்" என்று செயலியில் காட்டியது. அவசரமாகப் பதிவு செய்தேன். போனால் விடுதியே காலி. (மதுரை)

பொய் அவசரம் காட்டி விற்பதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் தடைசெய்திருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

வாடகை 1,200. பில்லில் 12 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு 1,344 வாங்கினார்கள். சரிதானா? (விழுப்புரம்)

சரியில்லை. நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். நீங்கள் தங்கியது அதற்குப் பிறகு. 60 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் 144 வாங்கியிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உங்கள் பில்லில் இருக்கிறது: ஜிஎஸ்டி எண்ணே இல்லை. பதிவு செய்யாதவர் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சிறு விடுதி பலவற்றுக்குப் பதிவு தேவைப்படுவதில்லை. ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். 15 இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணை இட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை அறைக்குக் கொண்டுவந்து 40 ரூபாய் வாங்கினார்கள். எம்ஆர்பி சட்டம் என்ன ஆயிற்று? (தஞ்சாவூர்)

ஹோட்டல்களும் உணவகங்களும் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் தீர்ப்பு அதுதான். தெருமுனைக் கடையில் வாங்குங்கள்.

அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துப் போனேன். கோரிமேட்டில் ஒரு லாட்ஜில் நாளுக்கு 900 என்று ஐந்து நாள் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மறுநாளே அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். மீதி நான்கு நாள் பணம் கேட்டால், "முன்பணம் திரும்பாது" என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். 3,600 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள் என்று சிரிக்கிறார்கள். (பண்ருட்டி)

தம்பி, அப்பா நலமாக வீடு திரும்பட்டும். அந்தச் சிரிப்புக்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும், அதற்கு வழியும் இருக்கிறது.

பணத்தை வாங்கிய பிறகு ரசீதின் பின்பக்கத்தில் காட்டும் நிபந்தனையை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எப்படிச் சொல்வது? கொடுக்காத சேவைக்கு முழுப் பணத்தையும் வைத்துக்கொள்வது நியாயமற்ற வணிகம் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. அப்பா வார்டில் சேர்ந்த தேதியுள்ள சீட்டு, லாட்ஜ் ரசீது இரண்டின் நகலையும் வைத்து, 15 நாளில் பணத்தைத் தரும்படி உரிமையாளருக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். கூடவே 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள், தமிழில் பேசலாம். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது இங்கே கடலூரிலேயே, வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அப்பாவைக் கவனித்துவிட்டே வாருங்கள்.

நான் செய்யாமல் விட்டதைச் செய்யச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சைக்காகப் புதுச்சேரியில் அறை எடுத்தேன். "லிஃப்ட் உண்டு" என்றது விளம்பரம். லிஃப்ட் இருந்தது, அதன் கதவுக்குக் குறுக்கே ஒரு கட்டில் சட்டத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். சட்டத்தின் மேல் ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது மாடிக்கு அம்மா ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை என் தோளிலும் ஊன்றி, படிக்குப் படி நின்று ஏறினார். மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை. சண்டை போடத் தெம்பில்லை. படம் எடுக்கவில்லை, பில்லும் வாங்கவில்லை. நோயாளியோடு வருகிறவர்களுக்குச் சண்டை போட நேரமிருக்காது என்பதை அந்த ஊர் லாட்ஜ்காரர்கள் சிலர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் 3,600 ரூபாயை விட்டுவிடாதீர்கள்.

ஆசிரமத்தைச் சேர்ந்த விடுதியில் மலிவாக அறை கிடைத்தது. இரவு 11 மணிக்குத் திரும்பினால் வாயில் பூட்டியிருக்கிறது. மது அருந்தவும் அனுமதி இல்லையாம். (கோவை)

வாடகை மலிவாகவும் இடம் அமைதியாகவும் இருப்பதே அந்தக் கட்டுப்பாடுகளால்தான். அறை கொடுக்கும்போதே சொல்கிறார்கள். உங்களுக்குச் சரிப்படாது என்றால் வேறு விடுதிக்குப் போங்கள்.

விடுதிக்காரரே ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுத்தார், நாளுக்கு 400. திருப்பிக் கொடுக்கும்போது, பழைய கீறலுக்கு 2,500 கேட்டு ஓட்டுநர் உரிமத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். (சென்னை)

நீங்கள் அனுப்பிய படத்தில் நம்பர் பிளேட் வெள்ளை. வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்ட விரோதம். வழியில் விபத்து நேர்ந்திருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்திருக்கும். உரிமத்தைப் பிடித்து வைக்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. போலீசில் புகார் கொடுப்பேன் என்று சொல்லுங்கள். வெள்ளைப் பிளேட் வைத்திருப்பவர் போலீசை விரும்பமாட்டார். அடுத்த முறை வண்டியை எடுக்கும்போதே சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். அசல் உரிமத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் காலமான பின், தமிழர் பகுதியில் உள்ள எங்கள் பழைய வீட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறேன். பதிவு செய்தவர்கள் கடைசி நாளில் வரவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். முன்பணத்தை நான் வைத்துக்கொள்ளலாமா? (புதுச்சேரி)

வைத்துக்கொள்ளலாம் அம்மா, பணம் வாங்கும் முன்பே அதைச் சொல்லியிருந்தால். எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை நான்கு வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, முன்பணம் கேட்கும் அதே செய்தியில் அனுப்புங்கள். "சரி" என்று பதில் வந்த பிறகு பணம் வாங்குங்கள். வராமல் போனவர்களுக்காக நீங்கள் நஷ்டப்பட வேண்டியதில்லை.

வீட்டின் படங்களையும் அனுப்பியிருந்தீர்கள். தாழ்வாரத் தூண்கள் அழகாக இருக்கின்றன. முற்றத்திலிருந்து மாடிக்குப் போகும் மரப்படி மிகவும் செங்குத்தாகத் தெரிகிறது. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. விளம்பரத்தில் அதையும் எழுதிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழறை கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.